காலி பெஞ்சில் ஒரு சிவப்புக் கட்டம்

மால்-சுன் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு அலுப்பில்தான். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும், "இத்தோடு போதும்" என்ற அர்த்தம் வரும்படி அவள் தாத்தா வைத்த பெயர் அது. ஆனாலும் இத்தோடு நிற்கவில்லை, அவளுக்குப் பின்னால் ஒரு தங்கையும் வந்து சேர்ந்தாள். "அவளுக்கு என்னக்கா பேரு வச்சாங்க?" என்று நாங்கள் சீண்டினால், "பேரு வைக்கிறதுக்கு யாருக்குத் தெம்பு இருந்துச்சு? ரொம்ப நாளைக்கு 'ஏய்'னுதான் கூப்பிட்டாங்க" என்பாள்.

எங்கள் சோங்போ துறைமுகத்தில் அவளை அறியாத வீடு குறைவு. கடற்பாசியைத் தாளாகக் காயவைக்கும் ஆலையில் பல வருடம் நின்றவள். ஓடிவரும் தாள்களில் சிப்பித் துண்டோ கயிற்று நாரோ ஒட்டியிருந்தால் பார்த்துப் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. ஆலை வேறு ஊருக்குப் போனபோது அவள் போகவில்லை. நகராட்சியின் கண்காணிப்பு அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். என் பக்கத்து மேசை அவளுக்குக் கிடைத்தது.

ஊரில் உள்ள கேமராக்கள் எல்லாம் எங்கள் அறையில்தான் வந்து முடியும். பள்ளிக்கூட வாசல், மீன்சந்தைச் சந்து, படகுத்துறை, பூங்கா எல்லாமே சுவர் நிறையத் திரைகளாக எரியும். அவற்றின் எதிரே எங்கள் மேசைகள். உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட பெண்கள். ஓரத்து மேசையில் காவல் நிலையத்திலிருந்து வந்த தாக் என்ற அதிகாரி இருப்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எங்கள் பிரிவுத் தலைவர் இருப்பார், 'நாம்' என்பது அவர் பெயர்.

முதல் மாதம் அக்காவுக்குத் தலைசுற்றல்.

"ஆலையில நான் நிப்பேன், தாள் ஓடும். இங்க எல்லாம் அப்படியே நிக்குது. என் தலைதான் ஓடுது, யோன்-இம்."

"காலைல ரெண்டு வாய் சோறு சாப்டுட்டு வாங்கக்கா. வெறும் காப்பிப் பொட்டலத்தைக் கரைச்சுக் குடிச்சா அப்படித்தான் ஓடும்" என்றேன் நான்.

எந்தத் திரையை விட்டு எந்தத் திரையைப் பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் தவித்த காலம் அது. போன வசந்தத்தில் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. இனி எல்லாத் திரையையும் பார்க்க வேண்டாம், எங்கே ஏதாவது அசைகிறதோ அந்தப் படம் மட்டும் முன்னால் வரும், அசைந்ததைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழும் என்றார்கள். அதைப் பொருத்த சியோலில் இருந்து ப்யோன் என்ற இளம் பொறியாளர் வந்தார். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்.

"ஒவ்வொரு இடமும் ஆளில்லாம எப்படி இருக்கும்னு மெஷின் ஒரு படத்த மனசுல வச்சுக்கும், மேடம். இப்ப வர்ற படத்த அதோட ஒத்துப் பாக்கும். எங்க வித்தியாசம் இருக்கோ அங்க கட்டம் போடும். வெளிச்சம் மாறினா கொஞ்சம் தடுமாறும். அப்ப என்னக் கூப்பிடுங்க."

இலையுதிர்காலம் வரும்வரை கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. அதன்பிறகு கடலிலிருந்து மேகங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் அந்தப் பருவத்து மேகம் நிற்காது, ஓடும். ஒரு மேகம் சூரியனைத் தாண்டினால் ஊரே ஒருமுறை இருண்டு வெளுக்கும். அத்தனை தடவையும் அத்தனை திரையும் எங்கள் முன்னால் வந்து குவிந்தது. பள்ளி மைதானம் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள், பார்த்தால் ஒரு குழந்தைகூட இல்லை. மீன்சந்தைக் கூரைமேல் கட்டம், அங்கே ஒரு தார்ப்பாய் மின்னிக்கொண்டிருந்தது.

"எவனும் ஓடல. தரைதான் ஓடுது" என்று கத்தினாள் மால்-சுன் அக்கா.

"தரைய வேணா பிடிச்சு நிறுத்தச் சொல்றேன்" என்றார் தாக்.

ப்யோன் மறுபடி வந்து எதையோ மாற்றினார். இனிமேல் மெஷின் மனசில் வைத்த பழைய படத்தைச் சீக்கிரம் மறந்து புதியதை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பதை அந்த இடத்தின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். படம் முழுக்கச் சட்டென்று வெளுத்தால் அது வெயில்தான் என்று பேசாமல் காத்திருக்கும், படம் அடங்கிய பிறகுதான் கட்டம் போடும். மறுநாளிலிருந்து அறை அமைதியாகிவிட்டது. நாங்கள் அவருக்குக் கடற்பாசித் தாள் கட்டு ஒன்று வாங்கிக்கொடுத்து அனுப்பினோம்.

அந்த அமைதியில்தான் அது தெரிந்தது.

பழைய உப்புக் கிடங்குகளுக்குப் பின்னால் மேட்டுத் தெருவுக்கு ஏறும் கல்படி இருக்கிறது. படியின் உச்சியில் ஒரு பெஞ்சு. அதைப் பார்க்கும் கேமரா அக்காவின் மேசைக்கு உரியது. ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் அந்தத் திரை முன்னால் வந்தது. பெஞ்சின் இடது பக்கம் ஒரு சிவப்புக் கட்டம் நின்றது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு உயரமும் அகலமும் வருமோ அதே அளவு. ஆனால் பெஞ்சில் யாரும் இல்லை.

"யோன்-இம், இங்க வா. உனக்கு ஆள் தெரியுதா?"

"இல்லக்கா."

"எனக்கும் தெரியல. மெஷினுக்கு மட்டும் தெரியுது."

கட்டம் சில நிமிடம் நின்றுவிட்டு மறைந்தது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. சில நாள் வரும், சில நாள் வராது. ஆவி என்றாள் ஒருத்தி. கிடங்கில் அந்தக் காலத்தில் மூட்டை சரிந்து செத்த கூலியாள் என்று இன்னொருத்தி கதையே கட்டிவிட்டாள். தாக் மட்டும் தன் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"ஆவியா இருந்தா கைது பண்ண எனக்கு அதிகாரம் இல்லம்மா. உயிரோட யாராவது இருந்தாச் சொல்லுங்க."

அக்கா ப்யோனுக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த நேரத்துல கிடங்குக் கூரைக்கு மேல வெயில் வந்து பெஞ்சுல விழுது, மேடம். வெளிச்சம்தான்" என்றார். அக்காவும் ஒத்துக்கொண்டாள். ஆனால் வெயில் எல்லா நல்ல நாளிலும் விழுகிறதே, கட்டம் ஏன் சில நாள் மட்டும் வருகிறது என்று மறுநாள் என்னிடம் கேட்டாள். போனில் ப்யோனைக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை.

"எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா, புத்தி கெட்டுப்போச்சான்னு புரியல" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது.

அவள் கணவர் பெயர் பான்-சு. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். பட்டறையை மூடியபிறகு அவருக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் ஆள் இல்லை என்பதால் மலையேறும் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டார். தினமும் காலையில் சோறும் கிம்ச்சி ஊறுகாயும் டப்பாவில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், பிற்பகலில் திரும்புவார். நல்ல பழக்கம் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். ஆனால் கோடையிலிருந்து அந்த மனிதர் மாறிப்போனார். பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் வேறு யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்துப் பேசுவார். ஒருநாள் மீன்சந்தையில் எதிரே வந்தவரைப் பார்த்து அக்கா கைநீட்டிச் சிரித்திருக்கிறாள். அவர் கடந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை.

"கட்டுன பொண்டாட்டியத் தெரியலையா உங்களுக்கு?"

"கூட்டத்துல கவனிக்கல, விடேன்."

"கூட்டமா? மழை நாள்ல சந்தையில நானும் கணவா மீனும் மட்டும்தான் இருந்தோம்!"

இதை அவள் எங்களிடம் சிரிப்பாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு, "வேற யாரையாவது பாத்துட்டாரோ?" என்று என்னிடம் மட்டும் கேட்டாள். அவரைத் தெரிந்த எனக்கு அதை நம்ப முடியவில்லை. நம்பாமல் இருப்பதற்கும் கையில் எதுவும் இல்லை.

பெஞ்சு விவகாரம் முடியாமல் இழுத்ததால், பழைய பதிவைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று அக்கா கேட்டாள். பதிவைப் பார்ப்பது எங்கள் இஷ்டத்துக்கு நடக்காது. பொய்க் கட்டம் விழுவதைச் சரிபார்க்க என்று தலைவர் அனுமதி கொடுத்தார். தாக் முணுமுணுத்துக்கொண்டே தன் மேசையில் பதிவைப் போட்டார். நாங்கள் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

காலை நேரம். ஒரு ஆள் மெதுவாகப் படியேறி வருகிறார். தொப்பி, முகக்கவசம், மலையேறும் சட்டை. எங்கள் ஊரில் அந்த வயது ஆண்கள் அத்தனை பேரும் அதே சட்டை, அதே தொப்பிதான். அவரோடு கூடவே சிவப்புக் கட்டமும் ஏறி வருகிறது. பெஞ்சின் இடது பக்கம் உட்காருகிறார். கட்டம் அவரைச் சுற்றி நின்று, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது. அவர் அங்கேயேதான் இருக்கிறார்.

"ஆள் இருக்காரு, கட்டம் இல்லையே" என்றாள் அக்கா.

"அசையாம உக்காந்தா பெஞ்சோட பெஞ்சா சேத்துக்கும்னு அந்தத் தம்பி சொன்னாரில்ல" என்றார் தாக்.

தாக் பதிவை ஓட்டினார். அந்த ஆள் அசையவில்லை. நிழல்கள் மட்டும் இடம் மாறின. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினார், அப்போது மட்டும் ஒரு சின்னக் கட்டம் வந்து போனது. பிறகு பழையபடி சிலை. எங்கள் மூன்று பேருக்கும் இது என்னவென்று பிடிபடவில்லை. யாருக்கோ காத்திருக்கிறாரா, எதையாவது நோட்டம் விடுகிறாரா? பெஞ்சிலிருந்து பார்த்தால் கிடங்குச் சுவர்தான் தெரியும், திருட அங்கே உப்புகூட இல்லை.

பிறகு கிடங்குக் கூரைக்கு மேல் சூரியன் வந்தது. படம் முழுவதும் பால் கொட்டியதுபோல வெளுத்தது. படம் தெளிந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. ஆள் இருந்த இடத்தில், அவர் அளவிலேயே, சிவப்புக் கட்டம்.

"இப்ப கட்டம் இருக்கு, ஆள் இல்ல" என்றேன் நான்.

தாக் தலையைச் சொறிந்தார். "ஆளோட சேந்த பெஞ்சுதான் உண்மையான பெஞ்சுன்னு மெஷின் நெனச்சிருச்சு. ஆள் எழுந்ததும், எதையோ காணோமேன்னு கட்டம் போடுது. அது சரி, எழுந்து போனப்போ ஏன் காட்டல?"

வெளுத்திருந்த அந்த நேரத்தில்தான் அவர் போயிருக்கிறார். தாக் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக ஓட்டினார். மெஷினுக்குத் தெரியாதது கண்ணுக்குக் கொஞ்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குள் ஒரு கருத்த உருவம், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றுகிறது. பாதி எழுகிறது. எதையோ மறந்தவர்போல அப்படியே நிற்கிறது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மீதியும் எழுகிறது.

"போதும் சார்" என்றாள் அக்கா. "நிறுத்திடுங்க."

காப்பி போடும் மூலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கையில் இருந்த தாள் கோப்பையைக் கசக்கியே விட்டாள்.

"அது ஸே-ரின் அப்பா."

ஸே-ரின் அவள் மகள், பூசானில் இருக்கிறாள்.

"எப்படிக்கா சொல்றீங்க? முகமே தெரியலையே."

"உக்காந்திருந்தப்போ எனக்கும் தெரியல. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரப் பாக்கறேன், என் வீட்டுக்காரர் என் மேசைத் திரையிலேயே உக்காந்திருந்திருக்காரு. அந்த எழுந்திரிக்கிற விதம் இருக்கே, அத நான் எங்க பாத்தாலும் சொல்லுவேன். மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்காரு?"

மலை, கூட்டாளிகள், முகம் பார்க்காத பேச்சு, சந்தையில் கண்டுகொள்ளாமல் போனது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். சேர்த்துப் பார்க்கப் பார்க்க இன்னும் குழம்பியது. வேறு பெண் என்றால் அவள் ஒருநாளாவது பெஞ்சுக்கு வந்திருக்க வேண்டும். கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிகிறார் என்றால், ஊர் கேமராவுக்கு எதிரே வந்தா ஒளிவார்?

"நேரா கேட்டுடுங்க" என்றேன்.

"எப்படிக் கேக்கறது? கேமராவுல பாத்தேன்னா?"

அதுதான் சிக்கல். அந்த அறையில் பார்த்ததைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வேலையில் சேரும்போதே உறுதிமொழி கொடுத்திருக்கிறோம். சட்டமும் இருக்கிறது. யார் வீட்டு விஷயமாக இருந்தாலும் வாசலோடு விட்டுவிட வேண்டும். அக்கா அதில் கண்டிப்பானவள். பக்கத்து வீட்டுக்காரியின் மகன் பூங்காவில் சிகரெட் பிடித்ததைப் பார்த்தும் கடைசிவரை சொல்லாதவள்.

அவள் தயங்கித் தயங்கித் தலைவரிடம் போனாள்.

"சார், சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். இங்க பாத்தத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, சரி. வீட்டு விஷயமே இங்க வந்துட்டா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "அது வந்து... மேலே கேட்டுச் சொல்றேனே" என்றார்.

அன்றிரவு வீட்டில் நடந்ததை மறுநாள் சொன்னாள். சூப்பைப் பரிமாறிக்கொண்டே, "மலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

"காத்து அதிகம்."

"உச்சி வரைக்கும் போனீங்களா?"

"பாதிதான்."

"கூட யாரு வந்தா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"என்ன, போலீஸ் மாதிரி கேக்கற?" என்று அவர் கரண்டியை வைத்துவிட்டார். மேசையில் கரண்டி வைக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார் என்பதையும் அவள் சொன்னாள். அப்போது எங்கள் இருவருக்குமே அது ஒரு விஷயமாகப் படவில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் அலைந்துவிட்டு, அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு உப்புக் கிடங்குப் பக்கம் போனாள். ஊரில் எந்தப் படியிலும் ஏற எனக்கு உரிமை இருக்கிறது, வேண்டுமானால் தற்செயலாகப் போனேன் என்பேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்று அவள் மேசையும் என் பொறுப்பில் இருந்தது. சூரியன் இன்னும் கிடங்குக் கூரைக்குப் பின்னால்தான் இருந்தது. என் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் படியேறி வந்தது. அது அவள். பெஞ்சின் இடது பக்கம் அவர் இருந்தார், அவரைச் சுற்றிக் கட்டம் இல்லை. அவள் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கட்டமும் போய்விட்டது. மெஷின் கணக்கில் அங்கே யாருமே இல்லை.

அங்கே பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் சொன்னதுதான்.

அவள் உட்கார்ந்ததும் அவர் சற்று நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். மரியாதையாக, "உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க" என்றிருக்கிறார்.

விளையாடுகிறாரா? கோபமா? மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? முகக்கவசம்கூட அவள் போட்டிருக்கவில்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துச் சிரித்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

"கீழ இறங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்றார் அவர். "இந்தப் படி பொல்லாதது. வெயில் அந்தப் பக்கமிருந்து வந்து விழுந்தாத்தான் விளிம்பு தெரியும். அதுவரைக்கும் எல்லாம் ஒரே சாம்பல். ஏறும்போது பரவாயில்ல, கால் தட்டித் தெரிஞ்சுக்கும். இறங்கும்போதுதான்."

நல்ல பகல் வெளிச்சம். அவளுக்கு ஒவ்வொரு கல்லும், கல்லிடுக்கில் முளைத்திருந்த புல்லும் தெரிந்தது.

"வெயில் வராத நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

அவர் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினார்.

"ஸே-ரின் அம்மா?"

"நான் யாருன்னு நெனச்சீங்க?"

"யாரோ அம்மான்னு..." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ எப்படி இங்க?"

"வழி தப்பிட்டேன்" என்றாள்.

"பொறந்து வளந்த ஊர்லயா?"

"நீங்க மலைக்குப் போற வழியில தப்பலையா? அதே மாதிரிதான்!"

அதற்குப் பிறகு அவள் கத்தியிருக்கிறாள். அந்த நேரத்தில் என் திரையில் வலது பக்கம் ஒரு கட்டம் துள்ளித் துள்ளி வந்தது, அவள் கையை வீசிப் பேசியதுதான் அது. கத்தி முடித்து அழுதாள். அவர் மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். கோடையின் தொடக்கத்தில் நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிய ஆரம்பித்ததாம். பிறகு எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு மங்கல். ஓரத்தில் எது அசைந்தாலும் தெரியும். நேராகப் பார்த்தால் அந்த ஆளே இல்லை. அதனால்தான் அவள் காதுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசியிருக்கிறார், அப்படிப் பார்த்தால் அவள் முகத்தின் ஒரு ஓரமாவது தட்டுப்படும் என்று. மலையில் கல் தெரியாமல் விழுந்து, கூட்டாளிகள் தூக்கிவிட்டபிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, சில நாள் இந்தப் பெஞ்சு, சில நாள் வேறெங்காவது என்று பொழுதைக் கழித்திருக்கிறார். வெயில் வராத நாளில் யாராவது இறங்கும்வரை காத்திருந்து, அசையும் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்குவாராம்.

"என்கிட்ட சொல்றதுல உங்களுக்கு என்ன?"

"நீ நாளெல்லாம் கண்ண வச்சு வேல பாத்துட்டு வர்ற. வீட்டுக்கு வந்து எனக்கும் சேத்துப் பாக்கணுமா?"

அதற்குள் சூரியன் கூரையைத் தாண்டியது. திரை வெளுத்துப்போய் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெளிந்தபோது பெஞ்சில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே குவாங்ஜுவில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். விழித்திரையில் நீர் கசிகிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் எஞ்சினோடு வாழ்ந்த மனிதர் எழுந்து கதவைத் தேடினாராம். "கதவு உங்களுக்கு எங்க தெரியப்போகுது, உக்காருங்க" என்று அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒரு கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது. இன்னொன்று இதற்குமேல் மோசமாகவில்லை, கொஞ்சம் திரும்பியும் வந்திருக்கிறது. வருடத்தில் பல தடவை போய்வர வேண்டும். போகிறார்கள்.

ப்யோன் வந்தபோது பெஞ்சின் கதையை, யார் என்று சொல்லாமல், தாக் விளக்கினார்.

"மெதுவா மறக்கச் சொன்னா மேகமெல்லாம் ஆளாயிடுது. சீக்கிரம் மறக்கச் சொன்னா ஆளெல்லாம் பெஞ்சாயிடுறாங்க" என்றார் அந்தப் பிள்ளை. "எவ்வளவு நேரம் உக்காந்தா ஒருத்தர மறக்கலாம்னு நான் எப்படி முடிவு பண்றது, சார்?"

கடைசியில் அந்தப் பெஞ்சுக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கொடுத்துவிட்டுப் போனார். சரியான நேரம்தானா என்று அவருக்கே உறுதியில்லை.

அக்கா தலைவரிடம் போய் நடந்ததை முழுவதும் சொன்னாள். தவறு என்றால் ராஜினாமா எழுதித் தந்துவிட்டுப் போகிறேன் என்றாள். தலைவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். பதிவைப் பார்த்தது வேலைக்காக, அங்கே போனது அவள் தன் காலில், சொன்னது கணவர் தன் வாயால் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எங்கே தவறு என்று பிடிபடவில்லை, தவறே இல்லை என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. "மேலே கேட்டா மேலயும் குழம்புவாங்க, விடுங்க" என்றார். அவள் கேட்டுக்கொண்டபடி அந்தக் கேமராவை அவள் மேசையிலிருந்து எடுத்து என் மேசைக்கு மாற்றினார்.

படி விஷயத்தை அவள் விடவில்லை. ஊர்க்காரியாக, விளிம்பு தெரியவில்லை என்று நகராட்சியில் புகார் கொடுத்தாள். குளிர்காலம் தொடங்கும் முன் ஆட்கள் வந்து ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் பட்டையாக மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அன்று என் திரையில் படி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, சிவப்புக் கட்டங்கள். வண்ணம் அடித்தவர்கள் போனபிறகும் கட்டங்கள் போகவில்லை. படியே இறங்கிப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பான்-சு அண்ணன் இப்போதும் சில நாள் அங்கே போகிறார். இப்போது சொல்லிவிட்டுத்தான் போகிறார், வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து மேசையிலிருந்து அக்கா என்னைப் பார்ப்பாள். அவர் இறங்கிவிட்டாரா என்று வாய் திறந்து கேட்க மாட்டாள். நானும் சொல்லக் கூடாது. நான் திரையைப் பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது, கொஞ்ச நேரத்தில், "சரி, காப்பி போடவா?" என்று எழுந்து போய்விடுவாள்.